சிறுநீரகக் கல் ஆபரேஷனுக்குப் பிறகு நின்றுபோன ரத்தம் 9ஆம் நாள் மறுபடி ஏன் வந்தது?

வணக்கம். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கு 61 வயது. வலது சிறுநீரகத்தில் 2.5 செ.மீ. கல், முதுகில் துளை போட்டு எடுத்தார்கள். 4ஆம் நாள் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள், அப்போது சிறுநீர் தெளிவாகவே இருந்தது. 9ஆம் நாள் காலையில் கட்டி கட்டியாக ரத்தம். மறுபடி அட்மிட் செய்து, இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றி, தொடை வழியாகச் சின்னக் குழாய் விட்டு ரத்தக் கசிவை அடைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். அடுத்த மாதம் அம்மாவுக்குச் சிறுநீர்க்குழாயில் உள்ள 8 மி.மீ. கல்லை லேசரால் உடைக்க வேண்டும் என்கிறார்கள். "எத்தனை நாள் ரத்தம் போனால் சகஜம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது வேறு இரண்டு கேள்விகள். அப்பாவுக்கு நடந்தது டாக்டரின் கைத்தவறா? அம்மாவுக்கும் அப்படி ஆகிவிடுமா?

இந்த ஆபரேஷன்களை 20 ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறேன். அப்பாவின் சிடி ஸ்கேனையும் ஆபரேஷன் குறிப்பையும் பார்க்காமல் அவருடைய டாக்டர் செய்தது சரியா தவறா என்று நான் தீர்ப்பு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் இந்த ரத்தப்போக்கு எங்கிருந்து வருகிறது, ஏன் அந்த நாளில் வருகிறது, எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதையெல்லாம் சொல்ல முடியும்.

முதலில் சிறுநீரகத்தைப் பற்றி ஒன்று. கைப்பிடி அளவுள்ள உறுப்புகள் இரண்டு. இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டுக்கும்தான் போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல். முதுகு வழி ஆபரேஷனில், அதாவது பிசிஎன்எல் என்று உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருப்பதில், இவ்வளவு ரத்தம் ஓடும் சதையைத் துளைத்துக்கொண்டுதான் கல்லிடம் போக வேண்டும். முதலில் ஊசி, பிறகு அந்த ஊசி போன வழியையே படிப்படியாக அகலப்படுத்தி 8 முதல் 10 மி.மீ. விட்டமுள்ள குழாயை உள்ளே வைக்கிறோம். மினி பிசிஎன்எல் என்றால் 5, 6 மி.மீ. போதும். துளை சின்னதாக இருந்தால் ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையும் குறைகிறது, இது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். பெரிய கல்லுக்குச் சின்னத் துளையில் நேரம் அதிகமாகும் என்பதால் எல்லோருக்கும் அதுவே சரி என்று சொல்லிவிட முடியாது.

எந்த இடத்தில் துளைத்தால் ரத்தம் குறைவாக வரும் என்ற தேடல் பழையது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவ ஓவியராக இருந்த மாக்ஸ் புரோடல் 1901இலேயே சிறுநீரகத்தின் உள் ரத்தக்குழாய்களை வரைந்து, முன்பக்கக் கிளைகளும் பின்பக்கக் கிளைகளும் சந்திக்கும் இடத்தில் ரத்தக்குழாய் குறைந்த ஒரு பகுதி இருப்பதைக் காட்டினார். இன்றும் அவர் பெயரில்தான் அந்தக் கோட்டைச் சொல்கிறோம். பிறகு பிரேசிலைச் சேர்ந்த சம்பாயோ சிறுநீரகங்களை அச்சு வார்த்து ஆராய்ந்து இன்னும் துல்லியமாகச் சொன்னார். சிறுநீர் வந்து விழும் சின்னக் கிண்ணங்களின் அடிப்பகுதி வழியாக நுழைந்தால் பெரிய குழாய்கள் தப்பும். கிண்ணத்தின் கழுத்து வழியாக, அதுவும் மேல் பகுதியில், நுழைந்தால் மூன்றில் இரண்டு சிறுநீரகங்களில் ஏதோ ஒரு ரத்தக்குழாய் காயப்படுகிறது. இன்று பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு இளம் டாக்டருக்கும் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். ஆனாலும் கிண்ணத்தின் அடியிலேயே சரியாகப் போன ஊசியும் ஒரு சின்னத் தமனியின் ஓரத்தைக் கீறிவிடலாம். எக்ஸ்ரேயிலோ அல்ட்ராசவுண்டிலோ அந்த நுண்ணிய குழாய்களெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆபரேஷன் மேஜையிலேயே வரும் ரத்தம் பெரும்பாலும் சிரையிலிருந்து வருவது. கருஞ்சிவப்பாக, அழுத்தம் இல்லாமல் கசியும். முதுகில் வைத்த குழாயைச் சிறிது நேரம் மூடி வைத்தால் உள்ளே ரத்தம் உறைந்து தானே அழுத்தி நிறுத்திவிடும். உறவினர்கள் குழாயில் சிவப்பைப் பார்த்துப் பதறும் அந்த முதல் இரண்டு நாள் எங்களுக்குப் பொதுவாகக் கவலை தருவதில்லை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநேகமாக இதுதான். ஒரு சின்னத் தமனியின் சுவரில் கீறல் விழுந்திருக்கும். அதிலிருந்து வந்த ரத்தம் சுற்றியிருக்கும் சதைக்குள் ஒரு பையைப் போலத் தேங்கி, வெளி ஓரத்தில் உறைந்து, ஓட்டையை மூடியது போல இருந்திருக்கும். அந்தப் பைக்கு உண்மையான சுவர் கிடையாது, உறைந்த ரத்தமே அதற்குச் சுவர். தமனியின் அழுத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். இதோடு உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் யூரோகைனேஸ் என்ற பொருள் சிறுநீரிலேயே இயற்கையாக உண்டு. ஆக, உறைந்தது ஒரு வாரத்தில், பத்து நாளில் இளகுகிறது. பை சிறுநீர்ப் பாதைக்குள் உடைகிறது. அதனால்தான் முதல் நாள் தெளிந்த சிறுநீர், மறுநாள் காலை கட்டியாக வருகிறது. சிலருக்குத் தமனியும் சிரையும் நேராக ஒட்டி இணைந்துகொள்ளும், அங்கிருந்தும் இதே போல ரத்தம் வரும். இரண்டும் பெரும்பாலும் ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் மூன்று வாரங்களுக்குள், அதிலும் இரண்டாவது வாரத்தை ஒட்டித்தான் தலைகாட்டும்.

சிறுநீரகத் தமனியின் கிளைகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பாதைகள், பக்கத்துக் கிளையோடு இணைவதில்லை. ஒரு கிளை காயப்பட்டால் அது ஊட்டும் பகுதிக்கு வேறு வழியில் ரத்தம் போகாது என்பது இதன் கெட்ட பக்கம். கசியும் அந்த ஒரு கிளையை மட்டும் மெல்லிய கம்பிச் சுருளாலோ பசையாலோ அடைத்துவிட்டால் வேறு பக்கத்திலிருந்து ரத்தம் வந்து மறுபடி கசியாது என்பது நல்ல பக்கம். அப்பாவுக்குத் தொடை வழியாகச் செய்தது இதுதான். சிறுநீரகத்தில் ஒரு சின்ன ஆப்பு அளவு சதை செயலிழக்கும், மீதி முழுதும் வேலை செய்யும். அனுபவமுள்ள இடத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதிலேயே நின்றுவிடுகிறது. ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோ செய்யும் நேரத்தில் கசிவு ஓய்ந்திருந்தால் படத்தில் ஒன்றும் தெரியாமல் போய், இரண்டு நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டி வருவதும் உண்டு. முன்பு, இந்த வசதி பரவாத காலத்தில், சிறுநீரகத்தையே எடுத்துவிட வேண்டிய நிலை வந்தது. இன்று அது மிக அரிது.

இது எவ்வளவு பேருக்கு வரும்? 2007 முதல் 2009 வரை 96 மருத்துவமனைகளில் பிசிஎன்எல் செய்துகொண்ட 5,803 பேரைப் பதிவு செய்த ஒரு பன்னாட்டு ஆய்வு இருக்கிறது. அதில் குறிப்பிடத்தக்க ரத்தப்போக்கு 7.8 சதவீதம், ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது 5.7 சதவீதம். உங்கள் அப்பாவுக்குச் செய்ததைப் போல அடைக்க வேண்டிய அளவுக்குப் போவது பெரும்பாலான கணக்குகளில் நூற்றில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. ஒரு டாக்டர் வருடத்துக்கு நூறு, நூற்றைம்பது பேருக்குச் செய்தால் அவருடைய மிக நல்ல வருடத்திலும் ஒருவருக்கு இது வந்துவிடலாம். எனக்கும் வந்திருக்கிறது. எனவே ரத்தம் வந்தது என்பதை மட்டும் வைத்துக் கைத்தவறு என்று சொல்ல முடியாது. பெரிய கல், பல கிளைகளாகப் பரவிய கல், ஒன்றுக்கு மேற்பட்ட துளை, நீண்ட நேர ஆபரேஷன், சர்க்கரை நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், கிருமித் தொற்று ஆகியவை இதன் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் ஆதங்கம் நியாயம் என்று நினைக்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகும்போது "ரத்தம் கொஞ்சம் வரும், பயப்படாதீங்க" என்று மட்டும் சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது பாதி உண்மை. "இரண்டு மூன்று வாரத்துக்குள் திடீரென்று கட்டியாக வந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் வாருங்கள்" என்பது மீதிப் பாதி. அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அது சொல்லப்படாததால்தான் காலை ஆறு மணிக்கு வந்த ரத்தத்துக்கு மாலை வரை பார்லி தண்ணீர் கொடுத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். அந்தக் குற்ற உணர்ச்சியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

இனி அம்மா. அவருக்குச் செய்யப்போவது முற்றிலும் வேறு ஆபரேஷன். எங்கும் துளை போடுவதில்லை. சிறுநீர் வரும் இயற்கையான வழியிலேயே மெல்லிய கருவியைச் செலுத்தி, கல்லை லேசரால் பொடியாக்கி, பிறகு டிஜே ஸ்டென்ட் என்கிற இரு முனையும் வளைந்த ஒரு பிளாஸ்டிக் குழாயை உள்ளே வைப்பார்கள். சிறுநீரகச் சதையையே துளைக்காததால் அப்பாவுக்கு நடந்தது அம்மாவுக்கு நடக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ரத்தம் ஏற்ற வேண்டி வருவதே அபூர்வம்.

ஆனால் சிறுநீர் சிவப்பாகப் போவது அம்மாவுக்குத்தான் அதிக நாள் இருக்கும், அதைப் பார்த்து நீங்கள் அப்பாவை நினைத்துப் பதறுவீர்கள். அதற்காகத்தான் இவ்வளவு விளக்குகிறேன். அந்த ஸ்டென்டின் மேல் வளைவு சிறுநீரகத்திலும் கீழ் வளைவு மூத்திரப் பையிலும் இருக்கும். நடக்கும்போதும் குனியும்போதும் கீழ் வளைவு பையின் சுவரை உரசும். உரசினால் ரத்தம் வரும். காலையில் தெளிவாக இருப்பது, பேருந்தில் போய் வந்த பிறகோ, வேகத்தடைகளைத் தாண்டி டூவீலரில் பின்னால் உட்கார்ந்து வந்த பிறகோ, தண்ணீர்க் குடம் தூக்கிய பிறகோ சிவக்கும். ஓய்வெடுத்துத் தண்ணீர் குடித்தால் இரண்டு மூன்று முறை சிறுநீர் போவதற்குள் வெளுக்கும். ஸ்டென்ட் உள்ளே இருக்கும் வரை இது வந்து வந்து போகலாம். எடுத்த பிறகு ஓரிரு நாளில் நிற்க வேண்டும். சிறுநீர் கழித்து முடிக்கும்போது இடுப்பில் சுருக்கென்று வலிப்பதும் ஸ்டென்டினால்தான்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் சிறுநீரைச் சிவப்பாகக் காட்ட 1 மில்லி ரத்தமே போதும். பீட்ரூட் வேகவைத்த தண்ணீரைப் போல இருந்தாலும் போன ரத்தம் ஒரு டீஸ்பூன்கூட இருக்காது. எரிச்சலுக்குக் கொடுக்கும் ஃபெனசோபிரிடின் மாத்திரை சிறுநீரை ஆரஞ்சும் சிவப்புமாக மாற்றும், அதையும் ரத்தம் என்று நினைத்து ஓடி வருகிறவர்கள் உண்டு. அதனால் நான் நோயாளிகளிடம் நிறத்தை மட்டும் வைத்துக் கேட்பதில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வேன். டம்ளருக்கு அந்தப் பக்கம் விரல் தெரிகிறதென்றால் பெரும்பாலும் காத்திருக்கலாம். தக்காளிச் சாறு போலக் கெட்டியாகி விரல் மறைந்தால், கட்டி விழுந்தால், உடனே கிளம்ப வேண்டும். மண்புழு மாதிரி நீளமாக விழும் கட்டிக்குத் தனி அர்த்தம் உண்டு. சிறுநீர்க்குழாயின் அச்சிலேயே உறைந்து வந்தது அது, ரத்தம் மேலே சிறுநீரகத்திலிருந்து வருகிறது என்று பொருள். கட்டி அடைத்துச் சிறுநீரே போகாமல் அடிவயிறு உப்பினால் அதுவும் அவசரம். அங்கே குழாய் போட்டுக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும்.

நிறத்தை விட நாள் முக்கியம். முதல் நாளிலிருந்து வெளுத்துக்கொண்டே வரும் சிவப்பும், ஸ்டென்ட் உரசி வந்து போகும் சிவப்பும் ஒரு வகை. தெளிந்து நின்ற பிறகு, அதுவும் முதுகு வழி ஆபரேஷன் செய்தவருக்கு, திடீரென்று திரும்ப வரும் சிவப்பு வேறு வகை. இரண்டாவதை ஃபோனில் கேட்டு முடிவெடுக்கக் கூடாது. தலைசுற்றல், வியர்வை, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, நாடி வேகம் ஆகியவை ரத்தம் நிறையப் போய்விட்டதன் அறிகுறிகள். இதில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் அப்பாவைப் போல இதயத்துக்கு மெட்டோப்ரோலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி வேகமெடுக்காது. "பல்ஸ் 70தானே இருக்கு" என்று அவர்கள் விஷயத்தில் நிம்மதியடைய முடியாது.

சிறுநீர் தெளிவாக இருப்பதால் ரத்தப்போக்கே இல்லை என்றும் முடிவு கட்டிவிட முடியாது. இதை ஒரு நோயாளியிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். நடுத்தர வயதுப் பெண், அம்மாவுக்குச் செய்யப்போகும் அதே லேசர் ஆபரேஷன். மறுநாள் சிறுநீர் தெளிவு. ஆனால் விலாவுக்குக் கீழே வலி குறையவில்லை, கூடிக்கொண்டே போனது. ஸ்டென்ட் வலி என்றே நானும் முதலில் எடுத்துக்கொண்டேன். மாலையில் ஹீமோகுளோபின் பார்த்தபோது 12லிருந்து 9க்கு இறங்கியிருந்தது. சிடி எடுத்தால் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள உறைக்கும் சதைக்கும் நடுவே பெரிய ரத்தக்கட்டு. ஆபரேஷனின்போது பார்வை தெளிவாக இருக்கத் தண்ணீரைச் செலுத்திக்கொண்டே இருப்போம். அந்த அழுத்தம் அதிகமானால் சிறுநீரகத்தின் ஓரத்தில் நுண்ணிய குழாய்கள் கிழிந்து இப்படி வரலாம். பெரும்பாலான கணக்குகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. கட்டுப்படாத பிரஷர், கிருமித் தொற்று, நாள்பட்ட அடைப்பால் வீங்கிச் சதை மெலிந்த சிறுநீரகம், நீண்ட நேர ஆபரேஷன் இவற்றில் வாய்ப்பு கூடும். அந்தப் பெண்ணுக்குப் படுக்கை ஓய்வு, ஆன்டிபயாடிக், திரும்பத் திரும்ப ரத்தப் பரிசோதனை, இவ்வளவிலேயே சரியாகிவிட்டது. பெரும்பாலானோருக்கும் அப்படித்தான் ஆகும். ஆனால் அன்றிலிருந்து "சிறுநீர் கிளியரா இருக்கா?" என்று கேட்பதற்கு முன் "விலா வலி நேற்றைவிடக் குறைஞ்சிருக்கா?" என்றுதான் கேட்கிறேன். அம்மாவிடம் நீங்களும் அதைக் கேளுங்கள்.

ரத்தம் இளக்கும் மாத்திரைகள் பற்றி. அப்பாவுக்கு நான்கு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததாகவும், ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன் மாத்திரையை நிறுத்தச் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அது பரவலான நடைமுறைதான். பிசிஎன்எல் செய்யும் முன் க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை நிறுத்த வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. குறைந்த அளவு ஆஸ்பிரினைத் தொடரலாமா என்பதில் உண்டு. தொடர்ந்தும் பாதுகாப்பாகச் செய்ததாக ஆய்வுகள் இருக்கின்றன, நிறுத்துவதையே விரும்பும் டாக்டர்களும் நிறைய. ரத்தம் வந்து அடைத்த பிறகு எத்தனையாவது நாள் மறுபடி தொடங்குவது என்பதற்கு ஒரே சரியான எண் கிடையாது. இதய டாக்டரும் சிறுநீரக டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டும். நீங்களாகப் பயந்து நிறுத்தியே வைத்திருப்பது மட்டும் வேண்டாம், இதய ஸ்டென்ட் அடைத்துக்கொள்வது இந்த ரத்தப்போக்கை விட ஆபத்தானது. அம்மா ஏதாவது அப்படி மாத்திரை சாப்பிட்டால், லேசர் முறையில் ஒரு வசதி உண்டு: தவிர்க்க முடியாதவர்களுக்கு நிறுத்தாமலே கூடச் செய்ய முடியும்.

உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பிசிஎன்எல் நேரத்தில் ஊசியாகக் கொடுத்தால் ரத்த இழப்பு குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சண்டிகரில் 200 பேரிடம் செய்து 2013இல் வெளியான ஆய்வும் அதில் ஒன்று. ஆனால் வீட்டில் சிவப்பாகப் போகிறது என்று மெடிக்கல் ஷாப்பில் அதை வாங்கிப் போடுவது வேறு கதை. கசியும் ரத்தம் சிறுநீர்க்குழாயிலேயே இறுகிப்போய் அடைத்துக்கொள்ளலாம். தமனி உடைந்திருந்தால் மாத்திரை அதை மூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம்தான் வீணாகும். வலிக்கு டைக்லோஃபெனாக் வாங்கிப் போடுவதையும் கேட்காமல் செய்ய வேண்டாம். அது ரத்தம் உறைவதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும், பாராசிட்டமால் பாதுகாப்பு.

அம்மாவின் ஆபரேஷனுக்கு முன் சிறுநீர் கல்ச்சர் (கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்துத் தொற்று இருந்தால் குணப்படுத்தியிருக்க வேண்டும், பிரஷர் கட்டுக்குள் இருக்க வேண்டும். ஸ்டென்ட் எடுக்கும் தேதியை எழுதி வாங்குங்கள், மறந்து மாதக்கணக்கில் விட்டவர்களுக்கு அதன் மேலேயே கல் படிந்து இன்னொரு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கினாலும் ரத்தம் வரும். இதயத்திலோ சிறுநீரகச் செயல்பாட்டிலோ குறை இல்லையென்றால் நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், ரத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றே போங்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தத்தை விடக் கிருமித் தொற்றுதான் அதிகம் பேரைச் சாய்க்கிறது.

உங்கள் ஊரிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு இரண்டரை மணி நேரம் என்று எழுதியிருந்தீர்கள். தொடை வழியாக அடைக்கும் வசதி எல்லா மாவட்டத் தலைநகரிலும் கிடையாது. பிசிஎன்எல் செய்துகொண்ட யாரும் அந்த வசதி பக்கத்தில் எங்கே இருக்கிறது, இரவில் யாரைக் கூப்பிடுவது என்பதை டிஸ்சார்ஜ் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அப்பாவுக்கு இனி அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. மூன்று மாதம் கழித்து ஒரு ஸ்கேன், கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), பிரஷர் பார்த்துவிடுங்கள். எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்றும் கேளுங்கள். அது என்ன வகைக் கல் என்று தெரிந்தால்தான் அடுத்த கல் வராமல் எதை மாற்றுவது என்று சொல்ல முடியும். அந்த ரிப்போர்ட் கையில் இருந்தால் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.